ராட்டினமும் ஒரு கட்டடம்தான்... அதுக்கு கையெழுத்து போட்டது யாரு?

கருமத்தம்பட்டியில் சரிந்த இரும்புச் சட்டம் முதல் அகமதாபாத்தில் முறிந்த ராட்டினம் வரை: நோம்பிக்குப் போகும் நாம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

2023 ஜூன் 1. கோவை – அவிநாசி நெடுஞ்சாலையில், கருமத்தம்பட்டி அருகே ராட்சத விளம்பரப் பலகைக்கான இரும்புச் சட்டத்தின் மேல் தொழிலாளர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலத்த காற்று அடித்தது. சட்டம் மொத்தமாகச் சரிந்தது. 3 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பலகைக்கு அனுமதி இருந்ததா, யார் நிறுத்தச் சொன்னது, யார் கணக்குப் போட்டது என்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எழுந்தன.

"சரிங்க, விளம்பரப் பலகைக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டுமே இரும்புச் சட்டம். இரண்டுமே லாரியில் துண்டு துண்டாக வந்து, சில நாளில் எழுந்து நிற்பவை. இரண்டையும் தாங்குவது அடித்தளமும் நட்டு போல்ட்டும் வெல்டிங்கும்தான். இரண்டையும் தள்ளுவது அதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஒரே ஒரு வித்தியாசம்: ராட்டினம் சுற்றும், அதில் நம் வீட்டுக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். ராட்டினத்தை நாம் 'விளையாட்டுச் சாமான்' என்று பார்க்கிறோம். அது ஒரு கட்டடம். அதுவும் ஊருக்கு ஊர் இடிச்சு இடிச்சு மறுபடி கட்டப்படும் கட்டடம். அப்படியென்றால், ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் ஒரு பொறியாளர் வந்து பார்த்து, பெயர் போட்டு, தேதி போட்டு கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதம் டிக்கெட் கவுன்டரில் நம் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டப்பட வேண்டும்.

காத்து சும்மா தள்ளாது, கணக்குப்படி தள்ளும்

கோவை, சூலூர், பல்லடம், உடுமலை பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் இருக்கும் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வருகிறது. அதனால்தான் பல்லடம், உடுமலை வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொன்ன ஊரில், ஆடி மாதத் திருவிழாக்களும் நிறைய. அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். குதிரைச் சந்தையும் ராட்டினமும் ஒன்றாகக் கூடும் சமயம், காற்று உச்சத்தில் இருக்கும் மாதம்.

கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமையைச் சொல்லும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகம் உண்டு. கோவைக்கு விநாடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். புயல் வராத ஊர் என்பதால் கோவைக்குக் குறைவு. ஆனால் 140 என்பது சின்ன எண் இல்லை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பலகையைச் சுமார் 17 கிலோ அளவுக்குத் தள்ளும். அதுவே 120 ஆனால் சுமார் 68 கிலோ. இப்போது 40 அடிக்கு 20 அடி பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு சுமார் 74 சதுர மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் விழும் விசை ஒன்றேகால் டன். 120 கிலோமீட்டர் வேகத்தில் 5 டன். இந்த விசை தரைக்குப் பக்கத்தில் விழுவதில்லை, உயரத்தில் விழுகிறது. நீளமான ஏணியின் உச்சியைப் பிடித்துத் தள்ளினால் எப்படி லேசாகச் சாயுமோ, அதே கதைதான். உயரம் கூடக் கூட, அடியில் இருக்கும் போல்ட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் வேலை கூடும்.

இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை காட்கோபர் சாட்சி. 2024 மே 13 அன்று அங்கே பெட்ரோல் பங்க் மேல் விழுந்த விளம்பரப் பலகையின் அளவு 120 அடிக்கு 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40. பரப்பில் பார்த்தால் 9 மடங்கு. 17 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த வி.ஜே.டி.ஐ. கல்லூரி நிபுணர்கள் சொன்னது: அந்த அடித்தளம் தாங்கக்கூடிய காற்று மணிக்கு 49 கிலோமீட்டர்தான், தாங்கியிருக்க வேண்டியதோ 158. இப்படிப்பட்ட விபத்தை 'இயற்கைச் சீற்றம்' என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமா?

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு மட்டும் நிற்கும் தற்காலிகக் கட்டுமானம் என்றால், அதே தரநிலை சலுகை கொடுக்கிறது. கோவை போன்ற 39 மீட்டர் மண்டலத்தில் அடிப்படை வேகத்தை 0.76 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். மணிக்கு 140 என்பது சுமார் 107 ஆகக் குறையும். பெரிய காற்று அந்தக் குறுகிய காலத்துக்குள் வரும் வாய்ப்பு குறைவு என்பதுதான் இதன் பின்னால் உள்ள யோசனை. நியாயமான சலுகைதான். ஆனால் சலுகைக்குப் பிறகும் 107 இருக்கிறது. 'தற்காலிகம்' என்றால் 'கணக்கே வேண்டாம்' என்று அர்த்தமில்லை.

கட்டடம் சும்மா நிக்குது... ராட்டினம் ஆடுது

ஒரு வீட்டின் தூண் தாங்கும் எடை பெரும்பாலும் மாறுவதில்லை. ராட்டினத்தில் சுமை ஒவ்வொரு விநாடியும் மாறும். திருவிழாவில் 'கொலம்பஸ்' என்று நாம் கூப்பிடும் கப்பல் ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். பெரிய தூரி, அவ்வளவுதான். படகும் ஆட்களும் சேர்ந்து 4 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்திலிருந்து 60 பாகை வரை ஆடினால், ஒரு முனையில் நிற்கும் அந்தக் கணத்தில் தொங்கும் கைகளில் விழும் இழுவிசை 2 டன். அடியைக் கடக்கும் கணத்தில் 8 டன். 90 பாகை வரை தூக்கிவிட்டால் முனையில் பூஜ்யம், அடியில் 12 டன். "இன்னும் கொஞ்சம் ஸ்பீடா விடுங்கண்ணா!" என்று நாம் கத்தும்போது உண்மையில் கேட்பது இதைத்தான்.

10 மீட்டர் நீளக் கை உள்ள கப்பல், சுமார் 3 விநாடிக்கு ஒரு முறை அடியைக் கடக்கும். 3 நிமிட ரவுண்டு என்றால் 60 முறை. ஒரு நாளைக்கு 48 ரவுண்டு என்றால் 2,880 முறை. 15 நாள் திருவிழா முடியும்போது 43,000 முறைக்கு மேல். வருடத்துக்கு 10 ஊர் போனால் 4 லட்சத்தைத் தாண்டும்.

இரும்புக்கு 'அலுப்பு' வரும் என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான். கட்டுக்கம்பியை ஒரே இழுப்பில் கையால் அறுக்க முடியாது. ஆனால் அங்கும் இங்கும் பத்து இருபது தடவை வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் தறிக்குடோனில் வேலை பார்த்தவர்களுக்கு இது நல்லாவே தெரியும். தறியில் எந்தப் பாகமும் ஒரே நாளில் சுமை தாங்காமல் உடைவதில்லை. நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அடி வாங்கி வாங்கி, ஒரு நாள் சத்தமில்லாமல் போகும். அதிர்வில் நட்டு தானாகவே கழன்று வரும். அதனால்தான் ஃபிட்டர் ஒருவர் ஸ்பேனரோடு சுற்றிக்கொண்டே இருக்கிறார்.

ராட்டினத்தில் இந்த அலுப்பு முதலில் காட்டும் இடம் வெல்டிங் ஓரம். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அதன் மேல் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் கண்ணால் பார்க்கவே முடியாது. சாயத் திரவம் ஊற்றி விரிசலை வெளிக்காட்டும் சோதனை, காந்தத் துகள் சோதனை, மீயொலிச் சோதனை என்று உடைக்காமலே கண்டுபிடிக்கும் வழிகள் உண்டு. கோவையில் பம்பு, வால்வு, வார்ப்படம் செய்யும் பட்டறைகளுக்கு இதெல்லாம் தினசரி சமாச்சாரம். ஏற்றுமதிக்குப் போகும் ஒரு வால்வுக்குச் செய்யும் சோதனையை, 40 பேர் உட்காரும் கப்பலுக்கும் செய்யச் சொல்வது அதிகப்படியான கோரிக்கையா?

அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் 2019 ஜூலை 14 அன்று நடந்தது இந்த வகை ஆபத்தின் கோர முகம். ஊசல் போல ஆடும் ரைடு, ஆடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் முறிந்து கீழே விழுந்தது. 2 பேர் இறந்தார்கள், 25க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அங்கேயும் அனுமதி, ஆய்வு என்ற சொற்கள் எல்லாம் அடுத்த நாள் காலையில்தான் பேசுபொருள் ஆயின.

'அன்னிக்குக் காலைல கூட செக் பண்ணாங்க'

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கண்காட்சியில் 2017 ஜூலை 26 அன்று 'ஃபயர் பால்' என்ற ரைடில், ஆட்கள் உட்கார்ந்திருந்த இருக்கை வரிசை ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. 18 வயது இளைஞர் இறந்தார், 7 பேர் காயமடைந்தனர். அந்த ரைடு அதே நாளில் ஆய்வு செய்யப்பட்டு, ஓட்டலாம் என்று அனுமதிக்கப்பட்டது.

அப்படியென்றால் ஆய்வாளர் எதைத் தவறவிட்டார்? தயாரிப்பு நிறுவனம் பின்னர் சொன்ன காரணம்: இருக்கைகளைத் தாங்கிய இரும்புக் கையின் உட்பக்கத்தில் துரு. வருடக்கணக்கில் உள்ளுக்குள் அரித்து, இரும்பின் தடிமன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. உள்ளீடற்ற சதுரக் குழாய்க்குள் தண்ணீர் போய்த் தேங்கினால், வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. தடிமனை அளக்கும் மீயொலிக் கருவி இருந்தால்தான் தெரியும். அந்த மரணத்துக்குப் பிறகு ஒஹையோ, அந்த இளைஞரின் பெயராலேயே ஒரு சட்டம் கொண்டுவந்து ரைடு ஆய்வுகளை இறுக்கியது.

இதில் நமக்குப் பாடம் என்னவென்றால், 'ஆய்வு நடந்தது' என்ற வார்த்தை மட்டும் போதாது. யார் பார்த்தார், எதை வைத்துப் பார்த்தார், எந்த இடங்களைப் பார்த்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சுற்றி வந்து, ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, "ஓகே" சொல்வது ஆய்வு இல்லை.

காலுக்குக் கீழே என்ன இருக்கு?

ராட்டினம் என்றதும் எல்லோரும் மேலே பார்க்கிறோம். நிறைய சமயம் பிரச்சினை கீழே இருக்கும். நிரந்தரப் பூங்காவில் ரைடுக்கு மண் பரிசோதனை செய்து, கான்கிரீட் அடித்தளம் போட்டு, நங்கூர போல்ட்டில் இறுக்கிவிடுவார்கள். திருவிழா மைதானத்தில்? மண்ணை நிரவி, மரக்கட்டைகளை அடுக்கி, அதன் மேல் கால்களை நிறுத்துவதுதான் வழக்கம். அந்த முறையே தப்பு என்று சொல்லவில்லை. உலகம் முழுக்க ஊர் ஊராகப் போகும் ரைடுகள் கட்டை அடுக்கில்தான் நிற்கின்றன. கேள்வி, எத்தனை கட்டை, எந்த மண் என்பதுதான்.

உதாரணத்துக்கு 20 டன் எடையை 4 கால்கள் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு 5 டன். அந்தக் காலின் அடித்தகடு ஒரு சதுர அடி என்றால், மண்ணின் மேல் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 50 டன்னுக்கு மேல். மழையில் ஊறி இளகிய களிமண் தாங்குவதோ சதுர மீட்டருக்கு 5 முதல் 10 டன்தான். அதே 5 டன்னை, கட்டைகளை அகலமாக அடுக்கி ஒரு சதுர மீட்டருக்குப் பரப்பிவிட்டால், அழுத்தம் 5 டன்னாக இறங்கிவிடும். வெறும் மரக்கட்டைதான், ஆனால் கணக்கோடு அடுக்கினால் உயிர் காக்கும்.

கொங்குப் பகுதியில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். திங்கட்கிழமை மட்டம் பார்த்து நிறுத்திய ராட்டினம், வியாழன் இரவு பெய்த மழைக்குப் பிறகு வெள்ளிக்கிழமை அதே மட்டத்தில் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு கால் ஒரு அங்குலம் இறங்கினால், மற்ற மூன்று கால்களும் திட்டமிடாத சுமையைத் தூக்க ஆரம்பிக்கும். அதனால் மழைக்குப் பிறகு மட்டம் பார்க்காமல் ஓட்டக் கூடாது. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை, கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டமே போதும்.

மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது கோவை மாவட்டத்துக்கு மறக்க முடியாத பாடம். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் கனமழைக்குப் பிறகு ஒரு கருங்கல் சுற்றுச்சுவர் வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்பு, 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள்.

இப்போது கட்டடங்களுக்கு 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் தப்பு நடந்தால் 'இவர்தான் கையெழுத்துப் போட்டார்' என்று காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

பூங்கா வேற, நோம்பி வேற

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், பேரூர் பக்கம் கோவை கொண்டாட்டம் மாதிரியான நிரந்தரப் பூங்காக்களுக்கு ஒரு வசதி: முகவரி உண்டு. ரைடு அதே இடத்தில் இருக்கும், அதைப் பற்றிய பதிவேடும் அங்கேயே இருக்கும், நாளைக்குப் போய் யாரும் கேட்கலாம்.

நிரந்தரம் என்பதாலேயே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. சென்னைக்கு அருகே கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் ஊழியர்களையே ஏற்றிச் செய்த சோதனை ஓட்டத்தில் ரைடு சரிந்து ஓர் ஊழியர் இறந்தார். குயின்ஸ்லாந்து பூங்காவில் 2019 ஜூனில் 'ஃப்ரீ ஃபால்' கோபுரத்தின் கேபிள் அறுந்தது. 2025 மே 27 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வி.ஜி.பி.யில் ஒரு ரைடு உயரத்திலேயே நின்றுவிட, குழந்தைகள் உட்பட 30க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மேலே சிக்கியிருந்து, தீயணைப்புத் துறை வந்துதான் இறக்கியது. அங்கே கட்டமைப்பு முறியவில்லை. ஆனால் 'நின்னுபோனா எப்படி இறக்குவோம்?' என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான் என்று அது காட்டியது.

ஊர் ஊராகப் போகும் ரைடின் சிக்கல் இதையெல்லாம் விடப் பெரிது. அதற்கு நிரந்தர முகவரி கிடையாது. இந்த மாதம் கருமத்தம்பட்டி, அடுத்த மாதம் ஈரோடு, அதற்கடுத்து கர்நாடகா. ஒவ்வொரு ஊரிலும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, இறக்கி, மறுபடி மாட்டுகிறார்கள். போன ஊரில் வாங்கிய சான்றிதழ், போன ஊரில் மாட்டிய போல்ட்டுக்குத்தான் பொருந்தும். இந்த ஊரில் இரவு 2 மணிக்கு அவசரத்தில் ஒரு பூட்டு ஊசியை மாட்ட மறந்திருந்தால், அந்தப் பழைய சான்றிதழ் என்ன செய்யும்?

அவசரம் ஏன் வருகிறது என்பதையும் பார்க்கணும். மைதானத்தில் ராட்டினம் போடும் உரிமை ஏலத்துக்கு விடப்படுகிறது. தேனி மாவட்டம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் ராட்டின ஏலம் என்பதே தனிச் செய்தியாகும் அளவுக்குப் பெரிய விஷயம். பெரிய தொகைக்கு எடுத்தவர் அதைச் சில நாட்களில் திரும்ப எடுத்தாக வேண்டும். ஒரு நாள் தாமதமாக ஆரம்பித்தால் ஒரு நாள் வசூல் போச்சு. காற்று அடிக்கிறது என்று நிறுத்தினால் அந்த மணி நேர வசூல் போச்சு. ஏல விதிமுறையில் 'அதிகத் தொகை' மட்டுமே அளவுகோலாக இருக்கும் வரை, நாமே அவசரத்தை விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஜெர்மனியில் இதுக்குப் பேரு 'பறக்கும் கட்டடம்'

ஜெர்மானியச் சட்டத்தில் ஊர் ஊராகப் போகும் ராட்டினம், சர்க்கஸ் கூடாரம், மேடை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'ஃபிளீகெண்டே பவ்டென்'. நேர் அர்த்தம், 'பறக்கும் கட்டடங்கள்'. அதாவது சட்டமே அதைக் கட்டடம் என்றுதான் பார்க்கிறது.

அங்கே ஒவ்வொரு பெரிய ரைடுக்கும் ஓர் ஆய்வுப் புத்தகம் உண்டு. வரைபடம், சுமைக் கணக்கு, இதுவரை நடந்த சோதனைகள், பழுதுகள் எல்லாம் அதில் இருக்கும். ரைடு எந்த ஊருக்குப் போனாலும் புத்தகமும் கூடவே போகும். புதிய ஊரில் மாட்டி முடித்ததும் உள்ளூர்க் கட்டட அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். அவர் வந்து பார்த்து, அந்தப் புத்தகத்திலேயே பதிவு செய்யலாம். வண்டிக்கு ஆர்.சி. புத்தகம், எஃப்.சி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் எதுவுமே இல்லை என்று சொன்னால் அது பொய். கேளிக்கை ரைடுகளின் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 15475 என்ற தரநிலை 2004இலேயே வந்துவிட்டது. ஆனால் இந்தியத் தரநிலைகள், ஒரு சட்டமோ உத்தரவோ கட்டாயம் ஆக்கினால் ஒழிய, பொதுவாகப் பரிந்துரைகள்தான். திருவிழா, பொருட்காட்சி என்றால் பொதுப்பணித் துறை, தீயணைப்புத் துறை, மின்துறை, காவல்துறை என்று பல கதவுகளைத் தட்டிச் சான்று வாங்குவதும் வழக்கத்தில் இருக்கிறது. காகிதம் இல்லை என்பதல்ல என் புகார். அந்தக் காகிதம் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கிறது, டிக்கெட் வாங்கும் நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான்.

'அப்போ அவங்க பொழப்பு?'

இந்த விஷயத்தை எழுதும்போதெல்லாம் வரும் நியாயமான கேள்வி இது. ராட்டினம் ஓட்டுபவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் குடும்பமாக, வருடம் முழுக்க ஊர் ஊராக அலைந்து பிழைப்பவர்கள். போல்ட்டு மாட்டும் பையன்களுக்கு இன்ஷூரன்ஸும் இருக்காது, பாதுகாப்புப் பட்டையும் இருக்காது. ஒரு விபத்து நடந்ததும் 'எல்லா ராட்டினத்துக்கும் தடை' என்று உத்தரவு போடுவது சுலபம். அதில் அடிபடுவது ஒழுங்காக ஓட்டுபவரும் சேர்த்துத்தான். இரண்டு மாதம் கழித்துத் தடை மறந்துபோகும், பழைய பழக்கம் திரும்பிவிடும்.

கருமத்தம்பட்டியில் இறந்த 3 பேரும் தொழிலாளர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். சரியாகக் கணக்குப் போடாத இரும்புச் சட்டம் முதலில் கொல்வது அதன் மேல் ஏறி வேலை செய்பவரை. கிஷ்கிந்தாவில் இறந்ததும் ஊழியர்தான். அதனால் ஆய்வு என்பது ராட்டினக்காரர்களுக்கு எதிரான விஷயம் இல்லை. அவர்கள் உயிருக்கும் அதுதான் காவல்.

செலவு? அதை ஏலத் தொகையிலிருந்தே எடுக்கலாம். லட்சக்கணக்கில் ஏலம் போகும் மைதானத்தில், அதில் ஒரு சிறு பங்கைப் பொறியாளர் கட்டணத்துக்கு ஒதுக்கினால் யாருக்கும் பெரிய நஷ்டம் வராது.

கோவையால முடியாதா என்ன?

இந்த வேலையைத் தொடங்க கோவையை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா தெரியவில்லை. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று கட்டமைப்புப் பொறியியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் கைக்கெட்டும் தூரத்தில். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். சென்னை தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம். ஆளும் இருக்காங்க, கருவியும் இருக்கு. இல்லாதது ஒரு நடைமுறைதான். அதற்கு என் பரிந்துரை இது:

1. ஒவ்வொரு ரைடுக்கும் ஓர் எண், ஒரு புத்தகம். தயாரித்த வருடம், சுமைக் கணக்கு, பழுது, வெல்டிங் சோதனை எல்லாம் அதில். புத்தகம் இல்லாத ரைடுக்கு மைதானத்தில் இடமில்லை என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடலாம்.

2. மாட்டிய பிறகு, முதல் டிக்கெட்டுக்கு முன்னால் ஆய்வு. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு முறையும். கால்கள், மண், போல்ட், பூட்டு ஊசி, இருக்கைக் கம்பி, பிரேக், எர்த்திங் என்று வரிசைப்பட்டியலோடு.

3. காற்றுக்கு ஒரு வரம்பு. எந்த வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதைப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். மைதானத்தில் ஒரு காற்றுமானி. வரம்பு தாண்டினால் நிறுத்த வேண்டும், அதற்காக ஏலதாரருக்கு அபராதமோ நெருக்கடியோ வரக் கூடாது.

4. ராட்டினம் மட்டும் போதாது. விளம்பரச் சட்டம், திருவிழா வளைவு, மேடை, கேம் ஸோன் தகரக் கொட்டகை எல்லாமே இந்த வரையறைக்குள் வரணும். ராஜ்கோட்டில் 2024 மே 25 அன்று கேம் ஸோன் தீயில் 27 பேர் இறந்தது, இரும்புச் சட்டமும் தகரமும் வைத்து எழுப்பிய கூடத்தில்தான்.

5. கவுன்டரில் ஒரு பலகை. பொறியாளர் பெயர், பதிவு எண், இந்த மைதானத்தில் ஆய்வு செய்த தேதி, எத்தனை பேர் ஏறலாம், காற்று வரம்பு. தமிழில், படிக்கிற சைஸில். கூடவே ஒரு கியூ.ஆர். குறியீடு.

ஐந்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் கடைசியைத்தான் எடுப்பேன். பெயர் வெளியே தெரிந்தால், பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நடைமுறை வரும்வரை நாம் என்ன செய்வது? வெல்டிங் விரிசலை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சில விஷயம் கண்ணுக்குத் தெரியும். கால்களுக்கு அடியில் கட்டை நேராக இருக்கிறதா, தண்ணீர் தேங்கி நிற்கிறதா? இருக்கையின் பாதுகாப்புக் கம்பி பூட்டுகிறதா, இல்லை கயிற்றைக் கட்டிவிடுகிறார்களா? ஒரு பக்கம் மட்டும் ஆட்களை ஏற்றிச் சுற்றுகிறார்களா? ஓட்டுபவர் லீவர் பக்கத்திலேயே நிற்கிறாரா, போனில் இருக்கிறாரா? சுற்றும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப 'டக்' சத்தம் வருகிறதா? காற்று வலுத்த பிறகும் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களா? ஏதாவது ஒன்று உறுத்தினால், டிக்கெட் காசு போனால் போகட்டும், இறங்கிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். கவுன்டரில் டிக்கெட் வாங்கும்போது, "அண்ணா, இங்க மாட்டின பிறகு இன்ஜினியர் வந்து பார்த்தாங்களா? சர்டிபிகேட் இருக்கா?" என்று கேளுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். பத்து பேர் கேட்டால் எரிச்சல் படுவார்கள். நூறு பேர் கேட்டால் அடுத்த நோம்பிக்கு அந்தக் காகிதம் அங்கே ஒட்டியிருக்கும்.